முத்திரை குத்தாத ஒன்பது வரிகள்

போன மாதம் என் பழைய சுற்றுலாக் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டுசல்டோர்ஃபில் நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த முறைப்பாட்டுப் பிரிவை மூடுகிறார்களாம். சுற்றுலாப் போய்வந்தவர்கள் எழுதும் முறைப்பாடுகளுக்கு இனிக் கொம்பியூட்டரே பதில் எழுதுமாம். அதை முன்னிட்டு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு அரைப்பக்கத்தில் ஓர் இனிய நினைவை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கீழே ஒரு சிரிக்கும் முகமும் கீறியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறைப்பாட்டுப் பிரிவில் என்ன இனிய நினைவு? இரவில் கடல் சத்தம் போடுகிறது என்று முறைப்பாடு எழுதியவரைப் பற்றி எழுதவா? தான் ஏறிய ஒட்டகம் விளம்பரப் படத்தில் இருந்ததை விடக் கிழடு என்று எழுதிய அம்மாவைப் பற்றி எழுதவா? அவற்றுக்கெல்லாம் அப்போதே சிரித்து முடித்துவிட்டோம். அந்தப் பிரிவு என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது தொண்ணூறுகளின் நடுவில் மொரோக்கோவின் மலை ஊர் ஒன்றுக்குப் போன ஒருநாள் சுற்றுலாவும், அதை நடத்திய இட்ரிஸ் என்ற வழிகாட்டியும்தான். அந்த மனிதருக்கு நடந்த அநியாயத்தில் என் கையும் இருக்கிறது. அரைப்பக்கத்தில் அடங்கக்கூடிய சங்கதி அல்ல இது. ஆகவே முதலில் தமிழில், முழுவதாக எழுதுகிறேன்.

நான் மன்னாரிலிருந்து எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்தவள். வுப்பர்டாலில் அகதிகள் விடுதி, மொழி வகுப்பு, மூன்று வருடத் தொழிற்பயிற்சி, பிறகு டுசல்டோர்ஃபில் வேலை என்று வருடங்கள் ஓடின. அவற்றில் அகதி விசாரணையை மட்டும் சொல்லாமல் தாண்ட முடியாது. பின்னால் நான் செய்த பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இலங்கை ஆமி எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். விடியக் காலை என்றேன். அரை மணி நேரம் கழித்து அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்றேன். சில மாதங்களில் விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. வாக்குமூலம் முன்னுக்குப் பின் முரண், நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தது. நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் மாதா கோயிலில் பூசை விடிய நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்துவிடும். உங்கள் ஊரில் பூசை எத்தனை மணிக்கு என்று அந்த அதிகாரி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்த பூசை பத்து மணிக்கு. தன் ஊர்க் கோயிலின் மணிக்கூட்டை வைத்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்.

அப்போது கை கொடுத்தவர் தேவண்ணை. எங்களுக்கு முன்னரே விடுதிக்கு வந்து, நாலு பேருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்துப் பெயர் எடுத்தவர். கேஸ் எழுதுவது என்றால் பொய் எழுதுவது அல்ல. நடந்தவற்றை நீதிமன்றத்தின் வாய்க்கு ஏற்றபடி அடுக்கி, இடறக்கூடியவற்றை எடுத்துவிடுவது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இருந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இப்படி யாரோ ஒரு அண்ணை கேஸ் எழுதியிருப்பார்.

"பிள்ளை, நடந்ததை நடந்தபடி சொன்னா இவங்களுக்கு விளங்காது" என்றார் தேவண்ணை. "ஒரு நேரம், ஒரு காரணம், ஒரு வழி. அவ்வளவுதான் இருக்கவேணும். மிச்சத்தை மறந்திடும்."

மறந்தேன். மேன்முறையீட்டில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்றுகூட அந்த விடியலை நினைத்தால் தேவண்ணை எழுதிய வரிசையில்தான் எனக்குள் வருகிறது. பூசையிலிருந்து வந்த நான் அதில் இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன். பிரிவின் தலைவி திருமதி கெஸ்லர். ஐம்பது வயது, நரைத்த கட்டைத் தலைமயிர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. காலையில் வந்த கடிதங்களை நின்றுகொண்டுதான் வாசிப்பார். உட்கார்ந்தால் எழுதியவர் மேல் இரக்கம் வந்துவிடும் என்பார். சரியாகப் பத்து மணிக்கு மேசையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, சிறு கத்தியால் ஓர் ஆப்பிளை உரிப்பார். தோல் அறாமல் ஒரே சுருளாக இறங்கும். யாராவது ஒரு முறைப்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொன்னால் கத்தியை நிறுத்தாமல் ஒரே கேள்வி கேட்பார்: "அது எழுத்தில் இருக்கிறதா?" இல்லை என்றால் அத்துடன் பேச்சு முடிந்தது.

ஒழுங்குமுறையும் அவர் போட்டதுதான். வந்த தாள் எதுவானாலும் முதலில் வரவு முத்திரை. முத்திரை இல்லாத தாள் வராத தாள். பிறகு இலக்கம், பிறகு மஞ்சள் கோப்பு. வாடிக்கையாளரின் உடம்பில் யாராவது கை வைத்ததாக எழுதியிருந்தால் சிவப்புக் கோப்பு. அடுத்ததாக அந்த நாட்டு வழிகாட்டியிடம் விளக்கம் கேட்போம். அதே பஸ்ஸில் போய் முறைப்பாடு எழுதாத இரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, என்ன நடந்தது என்று கேட்டு அவர்களுக்கும் எழுதுவோம். பெரும்பாலும் அவர்கள் பதில் போட மாட்டார்கள். எல்லாம் சேர்ந்த பிறகு திருமதி கெஸ்லர் பச்சைப் பேனையால் முடிவு எழுதுவார். இலக்கமிட்ட ஆயத்த வசனங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பதினான்கு என்று அவர் எழுதினால் 'மிகவும் வருந்துகிறோம்', இருபத்திரண்டு என்றால் 'உள்ளூர் வழக்கம் அது'. இப்போது கொம்பியூட்டர் செய்யப்போகிறதாம். நாங்கள் அப்போது செய்ததும் அதுதான், மை மட்டும் பச்சை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னிடம் சொன்னார், பிழை விட்ட வழிகாட்டியைத் தான் வைத்துக்கொள்வதாகவும், பொய் சொன்னவனை ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும். நான் தலையாட்டினேன், நம்பவில்லை. அகதி விசாரணையிலும் உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் தொடங்கியிருந்தார்கள்.

வட மொரோக்கோவில் தெத்துவான் பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் எங்கள் கம்பனி ஆட்களை இறக்கும். வியாழக்கிழமைகளில் அங்கிருந்து ஷெஃப்ஷாவன் என்ற மலை ஊருக்கு ஒருநாள் சுற்றுலா. பழைய கோட்டை, நீலம் பூசிய சுவர்கள், படிகளாக ஏறும் ஒடுங்கிய தெருக்கள், ஒரு நெசவாளியின் வீட்டில் தறி பார்த்தல், சதுக்கத்தில் புதினாத் தேநீர். நான் அந்த ஊரில் கால் வைத்ததே இல்லை. ஆனால் எந்தப் படி வழுக்கும், எந்த வளைவில் பஸ்ஸுக்குள் வாந்தி எடுப்பார்கள், எந்தத் தேநீரில் சீனி கூட என்று எனக்குத் தெரியும். எல்லாம் எழுத்தில் இருந்தது.

அந்த முறைப்பாட்டை எழுதியவர் பிரண்ட் என்ற ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இலக்கமிட்டு ஒன்பது குறைகள். பஸ்ஸில் குளிரூட்டி வேலை செய்யவில்லை என்பதில் தொடங்கி, தேநீர் வழியாக, ஆறாவதில் வழிகாட்டி தங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் தேநீர்க் கடையில் விட்டுவிட்டுப் போனதற்கு வந்திருந்தார். அதனால் கோட்டை பார்க்கக் கிடைக்கவில்லையாம். ஏழாவது, உள்ளூர் நிகழ்வு ஒன்றைப் படம் எடுக்கப் போன தன்னை வழிகாட்டி தாக்கினார் என்று. அந்தச் சொல்லின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார். சிவப்புக் கோப்பு.

இட்ரிஸை எனக்குத் தொலைபேசிக் குரலாக முன்பே தெரியும். தகப்பன் டுசல்டோர்ஃபில் தொழிற்சாலைக் கூலியாக இருந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதுவரை இட்ரிஸ் இங்கே ஓபர்பில்க் பகுதியில் வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு திரும்பிப் போனவர். பேசும் ஜெர்மன் எங்கள் நகரத்து ஜெர்மன். எப்போது எடுத்தாலும், ஓபர்பில்க் சந்தைக்கு இப்போதும் ட்ராம் போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அந்த ஒருநாள் சுற்றுலாதான் அவர் குடும்பத்தின் சோறு. மனைவி, தாய், நாலு பிள்ளைகள். வேறு ஜெர்மன் கம்பனி எதுவும் அந்த ஊருக்கு அப்போது ஆள் அனுப்பவில்லை.

விளக்கம் கேட்டு நான் அனுப்பிய ஃபக்ஸுக்கு அவருடைய பதில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. மெஷினில் நானே கிழித்து எடுத்தேன். கையெழுத்து, ஒன்பது வரிகள்:

'ஊருக்கு வந்த பிறகுதான் நெசவாளி மன்சூர் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது.
அன்று அவர் வீட்டுத் தறியைத்தான் விருந்தினருக்குக் காட்ட இருந்தேன்.
அவரைத் தூக்கிக்கொண்டு ஒடுங்கிய தெருவில் எதிரே வந்தார்கள்.
ஒரு விருந்தினர் கமராவை உயர்த்தினார், நான் கையால் லென்ஸை மூடினேன்.
அவரைத் தள்ளவில்லை.
பிறகு எல்லோரையும் தேநீர்க் கடையில் இருத்தி, அவர்களிடம் கேட்டுக்கொண்டு போனேன்.
மன்சூரைச் சுமந்தேன்.
ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கோட்டையைக் காட்ட நேரம் இல்லை.
இதில் எது என் பிழை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.'

வாசித்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கியது. மன்னாரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி முஸ்லிம் ஆட்கள் இருந்தார்கள். இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு தெருவில் வந்தால் சைக்கிளில் போகிறவனும் இறங்கி நாலு அடியாவது தோள் கொடுப்பான். என் தகப்பனும் கொடுத்திருக்கிறார். வாரம் தவறாமல் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மனிதரை இட்ரிஸ் சுமக்காமல் யார் சுமப்பது? அவரில் ஒரு குறையும் இல்லை.

விளங்கிய அதே நொடியில் பயமும் வந்தது. தேவண்ணையின் கண்ணால் அந்தத் தாளைப் பார்த்தேன். விட்டுவிட்டுப் போனேன் என்று ஒப்புக்கொள்கிறார். கை வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். எது பிழை என்று அவரே கேட்கிறார். மனிதன் தன் கழுத்தில் தானே கயிறு போடுகிறான் என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பிறகு வந்த தாள்களுக்கு மறுநாள் காலையில்தான் முத்திரை. தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நான் அவருக்குக் கேஸ் எழுதினேன். அதற்கு வேறு பெயர் இல்லை. இறுதி ஊர்வலத்தால் தெரு அடைபட்டது, பாதுகாப்புக்காக விருந்தினர்களைத் தேநீர்க் கடையில் இருத்தினீர்கள், வழி திறந்ததா என்று பார்க்க மட்டும் போய் வந்தீர்கள், கமராவைத் தொடவே இல்லை, நெரிசலில் யாரோ தட்டியிருப்பார்கள். ஒரு காரணம், ஒரு வழி.

"ஆனால் நான் அவரைச் சுமந்தேனே" என்றார் இட்ரிஸ்.

"இங்கே அது உதவாது" என்றேன். இந்த நாட்டில் எப்படி எழுதினால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் வெளிநாட்டுக்காரிதான், என்னை நம்புங்கள் என்று சொன்னேன். நம்பினார். மறுநாள் காலை தட்டச்சு செய்த இரண்டாவது ஃபக்ஸ் வந்தது. வடிவான ஃபக்ஸ். அதற்கு முத்திரை குத்தினேன்.

மூன்று கிழமை கழித்து ஹனோவரிலிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. சாட்சியாகக் கேட்டு எழுதிய இரண்டு பேரில் ஒருவர், லிண்ட்னர் என்ற வயதான அம்மா. அந்தப் பயணத்திலேயே தனக்கு மனதில் நின்ற நாள் அதுதான் என்று எழுதியிருந்தார். வழிகாட்டி கண் கலங்கித் தங்களிடம் விஷயத்தைச் சொல்லி, போய்வரலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டாராம். பிரண்ட் ஒருவரைத் தவிர எல்லோரும் போங்கள் என்றார்களாம். பிரண்ட் பிணத்துக்கு நேரே கமராவைத் தூக்கியபோது வழிகாட்டி லென்ஸை மெதுவாக மூடினாராம், அவர் மூடாவிட்டால் தானே மூடியிருப்பேன் என்றும் எழுதியிருந்தார். ஒன்பது வரிகளில் இருந்த அத்தனையும் அதில் இருந்தது.

திருமதி கெஸ்லர் அந்தக் கடிதத்தையும் இட்ரிஸின் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நின்றுகொண்டு வாசித்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே கோப்பு அது.

"இந்த அம்மா அவருக்காகப் பேசுகிறார்" என்றார். "அவரோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். நடந்ததை எழுதியிருந்தால் பிரண்டுக்கு மிகச் சின்னக் கடிதம் ஒன்று போட்டிருப்பேன். இப்போது என் கையில் இருப்பது எங்களுக்குப் பொய் எழுதிய வழிகாட்டி."

பச்சைப் பேனையால் எழுதினார்: பட்டியலிலிருந்து நீக்கவும்.

அன்று வீட்டுக்கு வந்து தேவண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர், பிள்ளை. அந்தக் கிழவி பதில் போடுவா எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"அண்ணை, அந்தாள் உண்மையைத்தான் எழுதினவர். நான்தான் அதை மாத்தினனான். விட்டிருந்தா அந்தாள் தப்பியிருக்கும்" என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். அவர் மேல் கத்த எனக்கு உரிமை இல்லை. அவரால்தான் நான் இந்த நாட்டில் இருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் ஃபக்ஸை எடுத்துக்கொண்டு போய்த் திருமதி கெஸ்லரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் தாளைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"முத்திரை இல்லை" என்றார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்: "இதை நான் கையில் எடுத்தால், இதை மறைத்து வைத்தவர் யார் என்றும் மேலே எழுத வேண்டும். அவருடைய இடம் ஒருவேளை மிஞ்சும். உங்களுடையது மிஞ்சாது. நான் இன்னும் இதைப் பார்க்கவில்லை, திருமதி ரஞ்சினி."

சொல்லிவிட்டு ஆப்பிளை உரிக்கத் தொடங்கினார்.

என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையை அந்தக் கோடையில்தான் மூடியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு இரண்டு வயது. இவையெல்லாம் காரணங்கள். இட்ரிஸிடமும் இதே காரணங்கள் இருந்தன, பிள்ளைகள் என்னுடையதை விட இரண்டு கூட. தோல் சுருள் பத்திரிகைத் தாளைத் தொடும்வரை நின்றேன். பிறகு தாளை எடுத்து மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். எனக்கு இரக்கம் காட்டினாரா, அவருடைய பிரிவின் பெயரைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அதை அவர் இட்ரிஸின் தலையில் வைத்துத்தான் செய்தார், நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து இட்ரிஸ் தொலைபேசி எடுத்தார். அந்த முறை ட்ராமைப் பற்றிக் கேட்கவில்லை. நான் முதலில் எழுதியதை அங்கே யாராவது வாசித்தார்களா என்று மட்டும் கேட்டார்.

அது தெளிவாக வந்து சேரவில்லை என்றேன்.

"திரும்ப அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அதன் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

இத்தனை வருடமும் எனக்குக் கோபம் குறையவில்லை. பூசை எத்தனை மணிக்கு என்று கேட்காத அந்த அதிகாரி மேல் கோபம். பிணத்தைக் கூடத் தன் பயணத்தில் ஒரு நிகழ்ச்சியாக எண்ணிய பிரண்டின் மேல் கோபம். முத்திரை இருந்தால்தான் ஒரு மனிதனின் வார்த்தை வந்து சேர்ந்ததாகக் கணக்கு என்ற அந்த ஒழுங்குமுறையின் மேல் கோபம். ஆனால் இவர்களில் யாரும் இட்ரிஸிடம் பொய் எழுதச் சொல்லவில்லை. அதைச் சொன்னவள் நான். என்னை நம்பாமல் விட்டார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் குமுறிய நான், ஒருவர் உண்மையை எழுதி அனுப்பியபோது அது போதும் என்று நம்பவில்லை.

கம்பனியின் கடிதம் வந்த அன்று அந்த ஃபக்ஸைத் தேடி எடுத்தேன். அந்தக் காலத்து ஃபக்ஸ் தாள்கள் வருடம் போக வெளிறிவிடும். விரித்துப் பார்த்தபோது ஓர் எழுத்தும் இல்லை. மடித்த கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனால் ஒன்பது வரிகளும் எனக்கு மனப்பாடம்.

நேற்று அவற்றை ஜெர்மனில் அப்படியே எழுதினேன். சரியாக அரைப்பக்கம் வந்தது. மேலே இட்ரிஸின் பெயரை எழுதினேன். ஒன்பதாவது வரிக்குக் கீழே, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: உங்களில் பிழை இல்லை, இட்ரிஸ். இந்தத் தாளை மறைத்தவள் நான்.

இன்று காலை அதைத் தபாலில் போட்டுவிட்டேன். மலரில் போடுவார்களோ தெரியாது. எழுத்தில் இருக்கிறது.